விண்கப்பலில் ஓர் இடம்

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் சில, விடை பெற்ற பின்னும் ஓய்வதில்லை. கேட்டவன் வளர்ந்து, தானும் ஒரு பிள்ளைக்குத் தந்தையாகி, தலை நரைத்த பின்னரும் அவை அவனோடு நடந்து வருகின்றன. அத்தகைய கேள்வி ஒன்றை நான் என் அத்தாவிடம் கேட்டது 1980களில், இராஜபாளையத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அத்தா அந்நாளில் கடைத்தெருவில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வந்தார்கள். எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி ஒரே வீட்டில்தான் இருந்தது. நூற்பாலையில் பணியாற்றிய ராஜு குடும்பத்தாரின் வீடு அது. அவ்வீட்டு மொட்டை மாடியில் நெடிய கம்பம் நட்டு, ஆண்டெனாவைக் கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்பிக் கட்டியவர்கள் அத்தாதாம். மேற்கு மலைத் தொடரிலிருந்து காற்று வீசி அது திசை மாறும்போதெல்லாம் அவர்களுக்கே அழைப்பு வரும். ஆகவே அவ்வீட்டுக் கூடத்தில் எங்களுக்கு எப்போதும் இடம் உண்டு. வாசலில் படுத்திருக்கும் வெள்ளை நிற இராஜபாளையம் நாய்கூட எங்களைக் கண்டு தலை தூக்காது. ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய இயந்திர நாய் ஜீனோவைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டபோது, அதுவும் இந்த நாயைப் போலத்தான் இருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அக்காலத்தில் தூர்தர்ஷன் ஞாயிறு காலைகளில் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்கத் தொடரை ஒளிபரப்பியது. ஆங்கிலம் எங்களுக்கு விளங்காது. மதுரைக் கல்லூரியில் பயின்ற அவ்வீட்டு அண்ணன் இடையிடையே தமிழில் கதை சொல்வார். இன்னும் இரு நூற்றாண்டுகளுக்கு அப்பால், மனிதர்கள் தங்களுக்குள் போரையும் பசியையும் ஒழித்துவிட்டு, ‘எண்டர்பிரைஸ்’ என்ற விண்கப்பலில் ஏறிப் புதிய உலகங்களைத் தேடிச் செல்கிறார்கள் என்பது கதை. தலைவர் கிர்க் அமெரிக்கர். அவருக்கு அடுத்தவரான ஸ்பாக், கூர்ங்காதுகளுடைய வேற்றுக் கிரகத்தார். செய்தித் தொடர்பைக் கவனிப்பவர் ஆப்பிரிக்கப் பெண்மணியான உஹூரா. கப்பலைச் செலுத்துவோர் ஆசிய வம்சத்தைச் சேர்ந்த சுலுவும், ரஷ்யரான செக்காவும்.

வீடு திரும்பும் வழியில் அத்தாவிடம் கேட்டேன்: “அத்தா, அந்தக் கப்பல்ல எல்லா நாட்டு ஆளும் இருக்காங்களே, நம்ம ஆளு ஒருத்தர்கூட ஏன் இல்ல?”

அவர்கள் உடனே மறுமொழி கூறவில்லை. இரவு உணவு முடிந்து கை கழுவும்போதுதான் சொன்னார்கள்: “அந்தக் கதைய எழுதினவன் நம்மளப் பாத்திருக்க மாட்டான். பாத்தவன் எழுதும்போது வருவோம்.”

வாசக அன்பர்களே, பொழுதுபோக்குக்காகப் பார்க்கும் ஒரு கதையில் தன் இனத்தானைத் தேடுவது சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணாதவர் ஒருவர் இருந்தார். உஹூராவாக நடித்த நிச்செல் நிக்கல்ஸ் முதல் ஆண்டின் முடிவில் தொடரை விட்டு விலக எண்ணியிருந்தபோது, மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, விலக வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டதாக அவரே பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். வேலைக்காரியாகவோ விகடப் பாத்திரமாகவோ அன்றி, அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண் எதிர்காலத்தில் அமர்ந்திருப்பதைத் தம் மக்கள் பார்க்க வேண்டும் என்பது கிங்கின் கருத்து. அதனைப் பார்த்து வளர்ந்த சிறுமிகளுள் ஒருவரான மே ஜெமிசன், 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்மணியானார். மறு ஆண்டு அதே கதையின் பிந்திய தொடர் ஒன்றில் அவர் சிறு வேடம் ஏற்று நடித்ததும் உண்டு.

ஜீன் ராடன்பெரி என்பவர் படைத்த அத்தொடர், 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 79 பகுதிகள் வந்தபின், போதிய பார்வையாளர் இல்லையென்று 1969இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் அதன் உண்மையான வாழ்வு தொடங்கியது எனலாம். 1970களில் அமெரிக்க ஊர்தோறும் இருந்த சிறு தொலைக்காட்சி நிலையங்கள் அதனை நாள்தோறும் மறு ஒளிபரப்புச் செய்தன. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முடிந்த கதையாதலால், எந்த நாளில் யார் வந்து அமர்ந்தாலும் புரியும். பல வாசல்கள் கொண்ட வீட்டைப் போன்றது அவ்வமைப்பு. அந்த வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் இராஜபாளையத்துச் சிறுவனும் நுழைந்தான். ரசிகர்கள் எழுதிய கடிதங்களின் பயனாக 1976இல் அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கே எண்டர்பிரைஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. 1979இல் வெளிவந்த முதல் திரைப்படத்தில் நம் நாட்டு நடிகையான பெர்சிஸ் கம்பாட்டா, தலையை மழித்துக்கொண்டு வேற்றுக் கிரகப் பெண்ணாக நடித்தார்.

அதற்கு முன்பே நம் நாட்டுப் பெயரொன்று அக்கதைக்குள் வந்துவிட்டது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். 1967இல் வந்த ஒரு பகுதியில் கான் நூனியன் சிங் என்றொருவன் வருகிறான். வட இந்தியாவைச் சேர்ந்தவன் என அவனை அடையாளம் காட்டுகிறார்கள். அவனாக நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மான்டல்பான். உலகை அடக்கியாள முயன்ற கொடுங்கோலன் அவன். எங்களுக்கு அருகாமையில் ஒலிக்கும் பெயர் முதன்முதலாக அந்தக் கப்பலில் ஏறியபோது, பகைவனின் பெயராகவே ஏறியது.

கதை வளர்ந்தது. 1987 முதல் 2005 வரை புதிய தொடர்கள் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றோடொன்று சேர்ந்தும் வந்தன. ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகள். 1993இல் தொடங்கிய ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்னும் தொடரில், விண்வெளி நிலையத்தின் மருத்துவராக ஓர் இளைஞர் வருகிறார். பெயர் டாக்டர் ஜூலியன் பஷீர். அவராக நடித்தவர் சூடானில் பிறந்த சித்தீக் அல் ஃபாதில்.

நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேசட்டில் அத்தொடரைப் பார்த்த இரவே அத்தாவுக்கு இன்லண்டு கடிதம் எழுதினேன். கப்பலில் பஷீர் என்று ஒரு டாக்டர் ஏறிவிட்டார் என்று தொடங்கி, கடிதத்தின் மூன்று மடிப்புகளையும் நிரப்பினேன். வந்த மறுமொழியில் அக்காவின் பிரசவச் செய்தியும், கடை வாடகை உயர்ந்த செய்தியும் இருந்தன. கடைசி வரியில், “பெயர் வந்துவிட்டது, சந்தோஷம். ஆளும் வரட்டும்” என்று இருந்தது.

எனக்குச் சற்றே வருத்தம். தொடர்ந்து பார்த்தபோதுதான் அத்தாவின் சொல் விளங்கியது. அந்த விண்வெளி நிலையம் பஜோர் என்னும் கிரகத்தின் அருகில் இருக்கிறது. அயலார் ஆட்சியிலிருந்து அண்மையில் விடுபட்ட அக்கிரகத்து மக்கள் இறைப்பற்று மிக்கவர்கள். அவர்களுடைய வழிபாடும் விழாவும் ஐயமும் ஆறுதலும் மதிப்போடு காட்டப்படுகின்றன. ஆயின் பஷீர் என்ற பெயர் கொண்டவர், ஏழு ஆண்டுகளில் ஒரு முறையேனும் “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி உணவைத் தொடுவதை நாம் பார்ப்பதில்லை. நல்ல மருத்துவர், நல்ல நண்பர், துணிவுள்ளவர். எனினும் அவருடைய பெயர், எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்காத பெயர். நான்காம் ஆண்டு முதல் நடிகரின் பெயரும் திரையில் அலெக்சாண்டர் சித்தீக் என்று மாறிற்று. அது அவருடைய உரிமை. ஆயினும் மாறிய பெயரைத் திரையில் கண்ட நாளில், நெடுநாள் பழகிய அண்டை வீட்டார் சொல்லாமல் வீடு மாற்றிச் சென்றது போலிருந்தது.

கதை தயங்கி நின்ற இடத்தில் உலகம் முன்னே சென்றுவிட்டது. 1985ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே, சவூதி அரேபியாவின் சுல்தான் பின் சல்மான் அமெரிக்காவின் ‘டிஸ்கவரி’ விண்ணோடத்தில் சென்று, விண்வெளியை அடைந்த முதல் முஸ்லிமானார். நான் ராஜு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து எங்களவர் யாருமில்லையென்று ஏங்கிய காலம் அது. 2007 அக்டோபரில் மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகோர், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அவர் தொழிலால் மருத்துவர். சென்றதோ ரமலான் மாதம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவரும் இடத்தில் ஐந்து வேளைத் தொழுகையை எப்படிக் கணக்கிடுவது, கிப்லாவை எவ்வாறு அறிவது என்று அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் அமர்ந்து ஆராய்ந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தார்கள். கஅபாவை நோக்க இயலுமாயின் கஅபாவை; இயலாதாயின் பூமியை; அதுவும் இயலாதாயின் இயன்ற திசையை நோக்கித் தொழலாம் என்பது அவற்றின் சாரம். நோன்புப் பெருநாளை அவர் விண்ணிலேயே கழித்தார். கதையில் வந்த மருத்துவரிடம் நான் தேடியதை, உண்மையான மருத்துவர் ஒருவரிடம் கண்டேன்.

இனி இக்காலத்துக்கு வருகிறேன். 2005இல் ஓய்ந்த தொலைக்காட்சிக் கதை, 2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ‘டிஸ்கவரி’ என்ற பெயரில் மீண்டும் தொடங்கியது. இம்முறை அது சென்ற வழி வேறு. ஊர் நிலையங்களின் அலைவரிசையை விடுத்து, மாதச் சந்தா செலுத்துவோர் மட்டும் காணும் ஓடிடி வழியாக வந்தது. அமெரிக்காவில் சிபிஎஸ் நிறுவனத்தின் சொந்தச் சேவையிலும், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே நெட்ஃபிளிக்ஸிலும் காட்டப்பட்டது. 2021 மார்ச்சில் அச்சேவை ‘பாரமவுண்ட் பிளஸ்’ எனப் பெயர் மாறியது.

இவ்வணிகத்தின் இயல்பை அறிந்தால்தான் கதை ஏன் இவ்வளவு விரைந்து பெருகியது என்பது புரியும். பழைய தொலைக்காட்சி, பார்ப்போரின் எண்ணிக்கையை விளம்பரக்காரருக்கு விற்றது. ஓடிடி நிறுவனமோ சந்தாவை நம்பி வாழ்கிறது. ஒரு தொடர் முடிந்ததும் சந்தாவை நிறுத்திவிடக் கூடியவரை, அடுத்த மாதமும் தக்கவைக்க அடுத்த தொடர் வேண்டும். முற்றிலும் புதிய கதைக்கு ஆள் சேர்ப்பது அரிது. ஐம்பது ஆண்டுகள் பழகிய கதைக்கோ ஆள் ஏற்கெனவே காத்திருக்கிறது. ஆகவே ‘பிக்கார்ட்’, ‘லோயர் டெக்ஸ்’, ‘பிராடிஜி’, ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ என்று கிளைகள் விரைந்து படர்ந்தன. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வெவ்வேறு தொடர்களின் புதிய பகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பகுதிகளே. அவற்றுள் பல, முதற்பகுதி முதல் இறுதிவரை தொடர்ந்து பார்த்தால் மட்டுமே புரியும் நெடுங்கதைகள்.

விரிந்தவை அவ்வளவும் நிலைக்கவும் இல்லை. 2021 நவம்பரில் டிஸ்கவரியின் நான்காம் பருவம் தொடங்க இரண்டு நாள் இருந்தபோது, அது நெட்ஃபிளிக்ஸிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பாரமவுண்ட் பிளஸ் அப்போது தொடங்கப்படாத நாடுகளின் ரசிகர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். இந்தியாவும் அவற்றுள் ஒன்று. பிள்ளைகளுக்கென எடுக்கப்பட்ட பிராடிஜி 2023இல் நிறுத்தப்பட்டதோடு, அதுவரை வந்த பகுதிகளும் அச்சேவையிலிருந்து நீக்கப்பட்டன. வேறு நிறுவனம் ஏற்றுக்கொண்டதால் அதன் இரண்டாம் பருவம் 2024இல் வெளிவந்தது. 65 பகுதிகளோடு டிஸ்கவரி 2024 மே மாதத்தில் நிறைவுற்றது. பழைய நூலொன்று அச்சில் இல்லாமற்போனாலும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் பிரதி இருக்கும். சந்தாவின் பேரில் கண்ட கதை அகற்றப்பட்டால், பார்த்தவரின் நினைவில் மட்டுமே அது தங்கும்.

இப்படிப்பட்ட விரிவை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? எத்தனை தொடர்கள், எத்தனை பகுதிகள் என்று எண்ணுவது நீளத்தை அளப்பதாகும். அத்தாவின் அன்றைய மறுமொழி எனக்கு வேறோர் அளவுகோலைத் தந்திருந்தது. ஒரு கதை விரியும்போது, அதுவரை வெளியே நின்றவர்க்கு உள்ளே இடம் கிடைத்ததா என்று பார்ப்பதே அது.

அவ்வாறு அளந்தால் சில நல்லவை தென்படுகின்றன. லோயர் டெக்ஸ், கப்பல் தலைவரை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்து ஊழியரைக் கதைக்கு நடுவே வைத்தது. பிராடிஜி, எந்த நாட்டின் குடிகளும் அல்லாத பிள்ளைகள் சிலர் சிறைச் சுரங்கத்திலிருந்து தப்பிக் கப்பலொன்றைக் கண்டடைவதைச் சொன்னது. என் உள்ளத்தை மிகவும் தொட்டது ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸில் வரும் லாஆன் நூனியன் சிங் என்ற பெண் அதிகாரி. 1967இல் வந்த கொடுங்கோலன் கானின் வழித்தோன்றல் அவள். முன்னோன் ஒருவன் செய்த தீமைக்காகத் தன் பெயரைக் கேட்டதும் பிறர் முகம் மாறுவதைச் சிறு வயது முதல் கண்டு வளர்ந்தவள். 2001க்குப் பின் ஒரு நேர்முகத் தேர்வில், எதிரே இருந்தவர் என் பெயரை இருமுறை படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறந்திலேன். அவளுடைய கதையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெயரை முகமூடியாக மட்டும் பயன்படுத்திய விந்தையும் நடந்ததுண்டு. டிஸ்கவரியின் முதற் பருவத்தில் வேற்றுக் கிரக வீரன் ஒருவனாக ஜாவித் இக்பால் என்பவர் நடித்ததாகப் பெயர்ப் பட்டியல் ஓடியது. அப்படி ஒரு நடிகர் அத்தொடரில் இல்லை. கதையின் திருப்பம் வெளிப்பட்டுவிடாதிருக்க, ஷஸாத் லத்தீஃப் என்ற நடிகரின் இரண்டாம் வேடத்தை மறைப்பதற்காகச் சூட்டிய பெயர் அது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோம். கடையை மூடிய பின் அத்தா, அம்மாவின் பிறந்தகமான அவ்வூருக்கே குடி போயிருந்தார்கள். மாடியில் நின்றால் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். தமிழக அரசின் முத்திரையாகிய அக்கோபுரத்தைப் பார்த்தபடிதான் அத்தா அஸருக்குப் பின் அமர்ந்திருப்பார்கள். பதினைந்து வயது மகள் தன் கைப்பேசியில் பிக்கார்ட் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தாவுக்குக் கண்ணில் புரை. அவர்களால் சிறு திரையைப் பார்க்க இயலவில்லை. ஆகவே ராஜு வீட்டு அண்ணன் எங்களுக்குச் சொன்னது போல, மகள் தன் பாட்டனாருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை அவள் ஓடி வந்தாள். “அத்தா, இதுல ஒரு கப்பலுக்கு இப்னு மாஜித்னு பேரு வச்சிருக்காங்க. அது யாரு?”

எனக்கு முன்னே அத்தா சொன்னார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு மாலுமி அகமது இப்னு மாஜித். விண்மீன்களைக் கொண்டு கடலில் திசையறியும் கலையை நூலாக எழுதி வைத்தவர். இந்தியப் பெருங்கடலின் துறைமுகங்களை அறிந்தவர். வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் அவரே என்று ஒரு கதை உலவுவதையும், வரலாற்று அறிஞர்கள் அதனை ஏற்பதில்லை என்பதையும் நான் சேர்த்துச் சொன்னேன்.

“அந்தக் கப்பல் இப்ப எங்க இருக்கு?” என்று அத்தா பேத்தியைக் கேட்டார்கள்.

“கப்பலைக் காட்டவே இல்ல, நன்னா. அதுல வேலை பார்த்த ஒருத்தர் சொல்றார். அப்படி ஒரு கப்பல் இருந்ததே தெரியக்கூடாதுன்னு பதிவேட்டுல இருந்து எடுத்துட்டாங்களாம்.”

அத்தா சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரே நோயாளியைப் பார்த்துவரும் மருத்துவரின் சிரிப்பைப் போன்றது அது.

அன்றிரவு நாங்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் தொடங்கிய கதையை இன்னொருவர் விரிப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று என்று அத்தா சொன்னார்கள். இங்கிருந்து தென்கிழக்கே ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப் புலவர், சீதக்காதி வள்ளலின் ஆதரவில் தொடங்கி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் துணையோடு சீறாப்புராணத்தை இயற்றினார். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். எனினும் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் அது சொல்லி முடிக்கவில்லை. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடி நிறைவு செய்தார். புனித வரலாற்றைப் பொழுதுபோக்குக் கதையோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. விரிப்பவரின் கடமை யாது என்பதை மட்டுமே அதிலிருந்து கற்றுக்கொள்கிறேன்.

பனீ அகமது மரைக்காயர் செய்தது நீளத்தைக் கூட்டிய பணி. அதனை அடக்கத்தோடு செய்தார். உமறுப் புலவர் அதற்கு முன்பே இன்னொரு பணியைச் செய்திருந்தார். அரபு நாட்டைப் பாட வந்தவர், தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையையும் ஆற்றையும் வயலையும் பாடினார். பாலை நிலத்து வரலாற்றில், நெல்வயல் கண்டு வளர்ந்த தமிழ் முஸ்லிமுக்கும் அமர இடம் செய்தார். கதையின் உயிருக்கு ஊறு நேராமல் வீட்டைப் பெரிதாக்கிய விரிவு அது.

“அவரு பாத்தவரு. அதனால எழுதினாரு” என்று அத்தா முடித்தார்கள்.

அறிவியற் கற்பனையும் நமக்கு அயலான துறையன்று. பேகம் ருகையா என்று அறியப்படும் வங்காள முஸ்லிம் பெண்மணி ருகையா சகாவத் ஹுசைன், ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்தும் பெண் அறிஞர்களும், வானில் செல்லும் ஊர்திகளும் அக்கதையில் உண்டு. 1905இல் அது முதன்முதலாக அச்சானது நம் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற இதழில். ஸ்டார் டிரெக் தோன்றுவதற்கு அறுபத்தோராண்டு முன்பு, எதிர்காலத்தில் தமக்கு இடம் உண்டா என்று கேட்டுக் காத்திராமல், ஒரு முஸ்லிம் பெண்மணி தாமே எழுதிவிட்டார். இதனை மகளுக்குச் சொன்னபோது, “பள்ளிக்கூடத்துல ஏன் இதச் சொல்லல?” என்று கேட்டாள். என்னிடம் மறுமொழி இல்லை.

மறுநாள் அவள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினாள். விண்கப்பலில் செய்திக் கருவிகளைப் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கப்பல் திரும்பத் திரும்ப கிப்லாவைக் கணக்கிட்டுச் சொல்லும் சிறு கருவி ஒன்றைத் தானே செய்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் கப்பலின் பெருங்கருவிகள் செயலிழந்து, பூமி எத்திசையில் இருக்கிறதென்றே தெரியாதபோது, அச்சிறு கருவி மட்டும் இயங்குகிறது. இதுவே கதை. முதல் மூன்று பக்கங்களை அவள் அத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். அத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

“நல்லா இருக்கும்மா. ஒண்ணு மட்டும் விட்டுட்ட. சால்டரிங் வைக்கும்போது பேஸ்ட்டு புகை கண்ணுல ஏறும். தலையச் சாச்சுக்கிட்டுதான் வைக்கணும். உன் பொண்ணு நேரா நின்னு வைக்கிறா.”

மகள் தன் தவற்றை அடித்துத் திருத்தினாள். அவள் எழுதிய பெண்ணும் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாற்பது ஆண்டு தன் கடையில் அவ்வாறே தலை சாய்த்து அமர்ந்திருந்தவரை நான் அறிவேன். அத்தா அன்று சொன்ன ‘ஆள்’ வந்து சேர்ந்ததை அப்போதுதான் கண்டேன்.

2023இல் அத்தா இறைவன் அழைப்பை ஏற்றார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்தக் கதை இன்னும் முடியவில்லை. மகள் கல்லூரி விடுமுறையில் வரும்போது நோட்டை எடுப்பாள்; இரண்டொரு பக்கம் எழுதுவாள்; வைத்துவிடுவாள். முடிக்கச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. சீறாவும் முடிய ஒருவர் வாழ்நாள் போதவில்லையன்றோ!

பெருநிறுவனங்கள் தம் கதைகளை இன்னும் விரிக்கும், நிறுத்தும், மீண்டும் விரிக்கும். அவற்றுள் நல்லவற்றை நம் பிள்ளைகள் பார்க்கட்டும். கைப்பேசியில் தனித்தனியே பார்ப்பதைவிடக் கூடத்தில் சேர்ந்து அமர்ந்து பார்ப்பது நன்று. மொழி புரியாத பெரியவர்களுக்குக் கதையை எடுத்துச் சொல்வது அதனினும் நன்று. பார்க்கும்போது, “நம்ம ஆளு ஏன் இல்ல?” என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால், சும்மா இரு என்று அடக்கிவிடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படி அமர்ந்தார்கள், எப்படித் தலை சாய்த்தார்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள். அவற்றைப் பார்த்தவர்கள் நாம்தாம்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் கண்ணுக்கும் கைக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.